வெளியே போன வரிசையில்

காதோரம் திட்டத்துக்கு வரும் புகார்க் கடிதங்களில் பாதி கெஞ்சும், மீதி திட்டும். ஜெபக்கனியின் கடிதம் இரண்டையும் செய்யவில்லை. நேராகத் தீர்ப்பே சொல்லிவிட்டது.

'உங்கள் மென்பொருள் ஒரு பிள்ளையை அநியாயமாக அவுட் ஆக்கிவிட்டது. விசில் ஊதியது நான். தப்பு உங்களுடையது. சேர்ந்துதான் சரிசெய்ய வேண்டும். எப்போது பேசலாம்? இப்படிக்கு, பொ. ஜெபக்கனி, உடற்கல்வி ஆசிரியை, தூத்துக்குடி.'

சனிக்கிழமை காலை கோயம்புத்தூரில் தன் மூன்றாவது மாடி வீட்டில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து இதைப் படித்த ரேணுகாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது.

காதோரம் என்பது காது மந்தமானவர்கள் போட்டுக்கொள்ளும் கருவிக்குள் ஓடும் மென்பொருள். யாருடைய சொத்தும் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், தங்கள் கருவியில் போட்டுக்கொள்ளலாம். நாற்பதாயிரம் காதுகளில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர்கள் பதினோரு பேர், அதுவும் அவரவர் பிழைப்பு போக மிஞ்சிய நேரத்தில். இரைச்சலை அடக்கும் பகுதி ரேணுகாவின் பொறுப்பு. மிக்ஸி, மின்விசிறி, பஸ் எஞ்சின் என்று விடாமல் ஒரே மாதிரி கேட்பதெல்லாம் இரைச்சல். ஏறி, இறங்கி, மாறி மாறிக் கேட்பது மனிதக் குரல். அதை அமுக்கு, இதை விடு. ஒன்பது வருடமாக இந்தப் பகுதியை அவள் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தாள். யாராவது அதைக் குறை சொன்னால் முகம் சுண்டிப்போகும்.

பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் வந்த பெண்மணிக்கு நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயது இருக்கும். கழுத்தில் விசில், இரண்டு காதிலும் கருவி, முதுகுக்குப் பின்னால் மைதானம்.

"சொல்லுங்க டீச்சர், என்ன ஆச்சுங்க?"

"மேடம், கபடி பார்த்திருக்கீங்களா?"

"டிவியில பார்த்திருக்கேனுங்க."

"அப்பப் பார்த்ததில்ல." ஜெபக்கனி அதை அப்படியே தள்ளிவிட்டாள். "பாடிப் போற பிள்ள கபடி கபடின்னு மூச்சு விடாமப் பாடணும். பாட்டு நின்னா அவுட். அதுக்கு நடுவரோட காதுதான் சாட்சி. மாவட்ட அரையிறுதி. வர வேண்டிய நடுவர் வரல, எங்க பிள்ளைங்க ஆட்டத்துக்கு நானே ஊதுதேன். ஸ்டெல்லான்னு ஒரு பிள்ள, அம்சமாப் பாடிட்டுப் போவுது. நாலாவது செகண்டுல என் காதுல பாட்டு நின்னுட்டு. ஊதிட்டேன். அவ அழுதா, சனம் கத்துச்சு. அப்புறம் வீடியோவப் போட்டுக் காமிச்சாங்க. பிள்ள பாடிட்டேதான் இருக்கா மேடம். என் காதுதான் விட்டுட்டு."

ரேணுகாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கபடி கபடி கபடி. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, ஒரே சீராக விடாமல் கேட்கிற சத்தம்.

"எங்க மென்பொருள் அந்தப் புள்ளைய மிக்ஸின்னு நினைச்சிருச்சுங்க," என்றாள் தயங்கித் தயங்கி.

"ஸ்டெல்லா காதுல விழுந்திச்சுன்னா மிக்ஸியத் தூக்கிப் போட்டு உடைச்சிருவா."

இருவருமே சிரித்துவிட்டார்கள். ஆனால் சிரிப்பு நின்றதும் ஜெபக்கனி மீதியையும் சொன்னாள். கபடிச் சங்கத்தில் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். ஜனவரியில் மாநிலப் போட்டி. அதற்குள் காது சரியாகவில்லை என்றால் விசிலைக் கொடுத்துவிட வேண்டும்.

"ரெண்டு வாரம் கொடுங்க டீச்சர். நான் பார்த்துச் சரி பண்ணிடறேன்."

"நீங்க கபடிய டிவியில பார்த்த ஆளு. ஊதுனது நான்லா, நான்தான் சரி பண்ணணும். கம்ப்யூட்டர் கோடு எழுதப் படிச்சுக்கிடுதேன். நீங்க சொல்லிக் குடுங்க."

"அது ஆறு மாசம், ஒரு வருசம் ஆகுமுங்க."

"அரிச்சுவடியெல்லாம் ஆன்லைன்ல ஆரம்பிச்சாச்சு. மூணு மாசத்துல முடிச்சிருவேன். மெஷின்ட்ட சொன்னா அரை நிமிசத்துல எழுதித் தருமே, அதையேன் உள்ள விட மாட்டேங்கீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி ரேணுகாவுக்குப் பழக்கம். பத்து வருடத்துக்கு முன்பு, ஏதோ ஒரு நாட்டின் குடிநீர்க் குழாய்களை நடத்தும் பொது மென்பொருளில் ஓர் ஆள் சேர்ந்தான். மூன்று வருடம் தங்கமாக வேலை செய்தான். பிறந்தநாளுக்கு வாழ்த்தெல்லாம் சொன்னான். பிறகு ஒரே நாளில் எட்டு ஊரில் தண்ணீரை நிறுத்தினான். தேடிப் போனால் அப்படி ஓர் ஆளே இல்லை. யாரோ ஏவிவிட்ட இயந்திரம்.

"அதுக்கப்புறம் எல்லாப் பொதுத் திட்டத்துக்கும் ஒரே விதிங்க. புதுசா வர்றவங்க தொண்ணூறு நாள் வெளியே இருந்து எழுதணும். வழித்துணைன்னு ஒருத்தர் கூட இருந்து சொல்லிக் கொடுப்பாங்க. தொண்ணூறாம் நாள் சாயங்காலத்துக்குள்ள, சாவி வச்சிருக்கிற யாராச்சும் ஒருத்தர் பிணை நிக்கோணும். இவங்க மனுசங்கதான், இவங்க செய்யறதுக்கு நான் பொறுப்புன்னு கையெழுத்து. அப்பத்தான் சாவி, நேரா உள்ள போய் நிரலை மாத்தற அனுமதி."

"ஜாமீனு. சரி, நான் ஏதாவது உடைச்சிட்டேன்னா?"

"முதல் வருசத்துல ஒரே நாள்ல உங்களால நூறு புகார் வந்தா, பிணை நின்னவங்க சாவி தானா அணைஞ்சிரும். உங்க சாவிக்கு ஒண்ணும் ஆகாது. கத்துக்க வந்தவங்களை அடிக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க."

"இது என்ன நியாயம்! தப்புப் பண்றது நானு, அவுட் ஆவறது அவரா? அவரு யாருன்னாவது சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. யார்னு தெரிஞ்சா நன்றி வந்துரும். நன்றி வந்துட்டா அவரு தப்புப் பண்றப்ப தப்புன்னு சொல்ல வாய் வராதுன்னு."

ஜெபக்கனி விசிலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "கடைசியா எப்ப ஒரு புது ஆளு உள்ள வந்தாக?"

"ஆறு வருசம் ஆச்சுங்க," என்றாள் ரேணுகா. சொல்லிக்கொடுக்க எல்லோரும் தயாராகத்தான் இருந்தார்கள். தொண்ணூறாம் நாள் வந்தால்தான் எல்லோருக்கும் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிடும்.

வேலை வராமல் என்ன செய்யும்? ரேணுகாவையே எடுத்துக்கொள்வோம். பகலில் அவளுக்கு ஒரு பம்புசெட் நிறுவனத்தில் உத்தியோகம். இயந்திரம் எழுதித் தள்ளும் நிரலைப் பார்த்துச் சரி, சரி, சரி என்று குறி போடுவது. எட்டு மணி நேரத்தில் சொந்தமாக ஒரு வரி எழுத மாட்டாள். அவள் கை எழுதுகிற ஒரே இடம் காதோரம். அந்தச் சாவி போய்விட்டால் குறி போடுகிற விரல் மட்டும்தான் மிச்சம். முன்பின் தெரியாத ஒருவருக்காக அதை எப்படிப் பணயம் வைப்பது? வழித்துணையாக மட்டும் இருக்கிறேன் என்று பெயர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை அவள் எதிர்பார்க்கவில்லை.

ஜெபக்கனி மாணவியாக இருக்கத் தெரியாத மாணவி. பாடம் நடக்கும்போது நடுவில் ஐந்து நிமிடம் காணாமல் போவாள். எங்கோ விசில் கேட்கும். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, விட்ட வரியில் தொடர்வாள். தான் எழுதிய நிரலில் மாறிகளுக்கெல்லாம் ஸ்டெல்லா, ரெபேக்கா, இசக்கியம்மாள் என்று தன் அணிப் பெண்களின் பெயர்களை வைத்தாள். அப்படி வைக்கக் கூடாது என்று ரேணுகா சொன்னால், "மேடம், இசக்கியம்மாள்னா பின்னால நின்னு பிடிக்கிறவ. இந்த வரியும் அதத்தான செய்யுது?" என்றாள். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

சோதித்துப் பார்க்கக் கபடிப் பாட்டு நிறைய வேண்டியிருந்தது. தூத்துக்குடியிலிருந்து மைதானத்தில் பதிவு செய்து அனுப்பினாள். வேறு குரல்களும் வேண்டும் என்று ரேணுகா கேட்டபோது, "உங்களுக்குக் குரல் இல்லையா?" என்று பதில் வந்தது. ஆக, முப்பத்தெட்டு வயது ரேணுகா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் துணிகளுக்கு நடுவே கபடி கபடி என்று பாடிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினாள். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்து, மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"அஞ்சு செகண்டு," என்றாள் ஜெபக்கனி பதிவைக் கேட்டுவிட்டு. "மூச்சே இல்லையே உங்ககிட்ட. தினமும் பாடுங்க."

தினமும் பாடினாள். ஐந்து ஒன்பதாயிற்று, பதினாலாயிற்று. இருபத்தொன்று வந்த அன்றைக்கு அலுவலகத்தில் குறி போடும்போதுகூட அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே கணக்குத் தெரியவில்லை.

திட்டத்தில் மற்றவர்களும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆம்பூரிலிருந்து இம்தியாஸ் அகமதுவும் வந்தார். யார் எதை எழுதினாலும் கீழே 'ஏன்?' என்று ஒற்றைச் சொல் போடுவதற்குப் பெயர் போனவர். அந்த ஒரு சொல்லில் ஓடிப்போன புதியவர்கள் உண்டு. ஒன்பதாம் நாள் ஜெபக்கனியின் முதல் திருத்தத்துக்குக் கீழேயும் அது வந்து விழுந்தது. ரேணுகா பதறிப்போய் என்ன பதில் எழுதலாம் என்று சொல்லிக்கொடுப்பதற்குள், ஜெபக்கனி பதில் போட்டுவிட்டாள். 'தெரியலை சார். பார்த்துட்டுச் சொல்றேன்.' இம்தியாஸ் அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. கோபம் போலிருக்கிறது என்று ரேணுகா நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் ஜெபக்கனி ஒரு வரியை மாற்றப்போய் மொத்தக் குரலையும் ஊமையாக்கிவிட்டுச் சோர்ந்துபோய் உட்கார்ந்தாள். ரேணுகா அவளைத் தேற்றினாள்.

"இதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். நான் வந்த முதல் வருசம், ஊர்ல இருக்கிற குக்கர் விசிலையெல்லாம் தின்னுட்டேன்."

"என்னது?"

"கருவி சில சமயம் தானா கீச்சுன்னு கத்துமில்லீங்களா, அதை அமுக்க எழுதினேன். பிரமாதமா அமுக்குச்சு. குக்கர் விசிலும் கீச்சுன்னுதான இருக்கும்? அதையும் சேர்த்து அமுக்கிருச்சு. ஜூன் பதினாலு, ஞாயித்துக்கிழமை. எத்தனை வீட்டுப் பருப்பு அடிப்பிடிச்சுதோ! இன்னிக்கும் அந்தத் தேதி மறக்கலீங்க."

ஜெபக்கனி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "அப்ப உங்களுக்கு ஜாமீன் நின்னவருக்கு என்ன ஆச்சு?"

எட்டு வருடமாக ரேணுகா தன்னைத் தானே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. "தெரியலீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆன மாதிரி இல்ல. யாரும் சண்டை போட்டுட்டுப் போகல. சேலத்துல மாதவராஜ்னு ஒரு அண்ணன் இருந்தாரு, அவரும் வீடு கட்டற வேலை இருக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

"இன்னுமா வீடு கட்டுதாரு?"

ரேணுகா பேச்சை மாற்றினாள்.

தொண்ணூறாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. ஐந்து மணிக்குள் பிணை விழ வேண்டும். ரேணுகா விடுப்பு எடுத்திருந்தாள். காலையில் படிவத்தைத் திறந்தாள், மூடினாள். அலமாரியைத் துடைத்தாள். துடைத்த அலமாரியை மறுபடி துடைத்தாள். மதியம் இம்தியாஸுக்குப் போன் போட்டாள்.

"ஜெபக்கனி டீச்சர் விசயமா... யாராச்சும் நிப்பாங்களா சார்?"

"அத நான் சொல்லக் கூடாது, நீங்க கேக்கவும் கூடாது."

"நான் நிக்கட்டுங்களா?"

"ஏன்?" என்றார் அவர். வைத்துவிட்டார்.

நாலரைக்கு ஜெபக்கனியிடமிருந்து ஒரு வீடியோ. பிணை பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோதனைப் பிரதியைத் தன் கருவியில் போட்டுக்கொண்டு ஜெபக்கனி கோட்டருகே கண்ணை மூடி நிற்கிறாள். ஸ்டெல்லா பாடிக்கொண்டு ஓடுகிறாள். நாலு செகண்டு, ஏழு, பத்து. ஜெபக்கனியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்கிறது. இருபத்து மூன்றாவது செகண்டில் ஸ்டெல்லாவின் மூச்சு அறுந்த அதே கணம் விசில் ஒலிக்கிறது. ஸ்டெல்லா ஓடி வந்து டீச்சரைக் கட்டிக்கொள்கிறாள். அவுட் ஆனதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட ஆட்டக்காரியை உலகம் பார்த்திருக்காது.

ரேணுகாவுக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே வெட்கமும் வந்தது. தொண்ணூறு நாள் கூட உட்கார்ந்து சிரித்தோம், சொல்லிக்கொடுத்தோம், மொட்டை மாடியில் ஓடினோம். இந்த மனுஷிக்கு ஒரு கையெழுத்துப் போட இன்னும் அலமாரி துடைத்துக்கொண்டிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாலு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து மணிக்குத் திட்டத்தின் பொது அறையில் அறிவிப்பு வந்தது. பொ. ஜெபக்கனிக்குச் சாவி வழங்கப்பட்டது. பத்துப் பேரும் வாழ்த்துச் சொன்னார்கள். ரேணுகாவும் ஒன்றும் தெரியாதவள் போல ஒரு பூங்கொத்துப் படம் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து, டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கபடித் திருத்தம் நாற்பதாயிரம் காதுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு முதல் புகார் மதுரையிலிருந்து வந்தது. 'தெருவில் சோபா ரிப்பேர் வண்டி வந்திருக்கிறது. அது மட்டும்தான் கேட்கிறது.' அடுத்தது வேலூர். 'என் மனைவி பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சோபா ரிப்பேர், நாற்காலி ரிப்பேர் என்றுதான் கேட்கிறது. அவள் நம்ப மறுக்கிறாள்.' மூன்றாவது ஈரோட்டில் ஒரு நிச்சயதார்த்த வீட்டிலிருந்து. தட்டு மாற்றும் நேரத்தில் மண்டப வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டதாம்.

ரேணுகா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரே சீராக விடாமல் ஒலிக்கும் மனிதக் குரலை அமுக்காதே, தூக்கிக் கொடு என்று எழுதியிருந்தார்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் பதிவு செய்த குரலும் மனிதக் குரல்தானே? மைதானத்திலும் மொட்டை மாடியிலும் சோதித்தவர்கள் ஒருவருக்கும் தெருவில் சோதிக்கத் தோன்றவில்லை. சனிக்கிழமை காலை என்பது தமிழ்நாட்டில் சோபா ரிப்பேர் வண்டிகள் கிளம்புகிற நேரம்.

பதினொன்றே காலுக்கு நூறாவது புகார் விழுந்தது. அவள் திரையில் இரண்டு வரி வந்தது. 'உங்கள் பிணையில் வந்தவரால் நூறு புகார்கள். உங்கள் சாவி அணைக்கப்பட்டது.'

அவ்வளவுதான், ஒன்பது வருடம். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. சரி, நல்ல ஆளுக்காகத்தான் போயிற்று என்று தோன்றியது. இந்த வண்டியை மற்றப் பத்துப் பேரும் நிறுத்திவிடுவார்கள் என்று பொது அறையைத் திறந்தாள்.

அங்கே இம்தியாஸ் எழுதியிருந்தார். 'மன்னிக்கவும். என் சாவி போய்விட்டது. யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.'

அவருக்குக் கீழே பினாங்கிலிருந்து லோகேஸ்வரன். 'என்னுடையதும்.'

அதற்குக் கீழே இன்னொருவர். பிறகு இன்னொருவர். ரேணுகா எண்ணிக்கொண்டே வந்தாள். தன்னையும் சேர்த்துப் பதினொன்று. மொத்தத் திட்டமும் அவுட்.

ஒரே ஒருவர்தான் பிணை நிற்க வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லவில்லை. யார் நின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆறு வருடமாக ஒருவரையும் உள்ளே விடாத பதினோரு கோழைகளும், நாம் நிற்காவிட்டால் இந்த டீச்சருக்கு யார் நிற்பார்கள் என்று தனித்தனியாக, ஒருவருக்கொருவர் ஒளித்து ஒளித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ரேணுகா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வீடியோவில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தபோது எல்லோரும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இம்தியாஸ்தான் முதலில் சுதாரித்தார். "சிரிச்சது போதும். நாற்பதாயிரம் பேர் காதுல சோபா ரிப்பேர் ஓடிட்டு இருக்கு. பழசுக்கே திருப்பி வைக்கணும்னாலும் ரெண்டு சாவி வேணும். எழுதறவர் ஒருத்தர், பார்த்து ஒத்துக்கறவர் ஒருத்தர். நம்மகிட்ட ஒண்ணு கூட இல்ல."

"ஒண்ணு இருக்குங்க," என்றாள் ரேணுகா.

ஜெபக்கனி மைதானத்தில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் செத்துப்போனது. "பதினோரு பேருமா? எனக்காகவா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் இருபது வருடம் மைதானத்தில் நின்றவள், புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஸ்டெல்லா, பிள்ளைகள வார்ம்அப் பண்ணச் சொல்லு," என்று கத்திவிட்டு மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்தாள்.

"பழசுக்குத் திருப்புனா திரும்பவும் ஸ்டெல்லா மிக்ஸிதான. வேண்டாம். யோசிங்க. வண்டிக்கும் ஸ்டெல்லாவுக்கும் என்ன வித்தியாசம்?" இரண்டு நிமிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. வார்ம்அப் செய்துகொண்டிருந்த பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூச்சு," என்றாள். "பாடுத பிள்ளைக்கு மூச்சு குறைஞ்சிட்டே வரும். முதல் கபடி மாதிரி பத்தாவது கபடி இருக்காது. வண்டிக்கு ஏது மூச்சு? நூறு தடவை சொன்னாலும் அச்சு மாறாம அதேதான். அச்சா அதேயா இருந்தா அமுக்கு. மூச்சு குறைஞ்சா விடு."

ஒன்பது வருடம் இரைச்சலோடு மாரடித்த ரேணுகாவுக்கு இது ஒரு நாளும் தோன்றியதில்லை. அவளுக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது.

இருபது வரி. பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்க ஜெபக்கனி எழுதி முடித்தாள். தெருவில் பிடித்த வண்டிச் சத்தத்தை வேலூர்க்காரர் அனுப்பிவைத்தார், சோதித்தாள், அடங்கியது. இப்போது ஒப்புக்கொள்ள இன்னொரு சாவி வேண்டும்.

"பழைய ஆளுங்களுக்குத் தொண்ணூறு நாள் தேவையில்ல," என்றார் இம்தியாஸ். "சாவி இருக்கிற ஒருத்தர் பிணை நின்னா போதும், உடனே உள்ள வரலாம். இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல. நீங்க எங்க பதினோரு பேருக்கும் நிக்கணும்னு அவசியம் இல்ல. ஒருத்தருக்கு நின்னா போதும். எங்கள்ல யார் உடைச்சாலும் உங்க சாவி போயிடும், யோசிச்சுக்கங்க."

"யோசிக்க என்ன இருக்கு? கபடியில அவுட் ஆனவங்க திரும்ப உள்ள வாறதுதான ஆட்டமே." அவள் பழைய சாவிக்காரர்களின் பக்கத்தைத் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி திரையில் வைத்தாள். ஒருவரும் இதுவரை எட்டிப் பார்க்காத பக்கம். "ஆனா ஒரு விதி இருக்கு. வெளிய போன வரிசையிலதான் உள்ள வரணும். முதல்ல போனவங்க முதல்ல."

சாவிகள் பிணை போட்ட வரிசையிலேயே அணைந்திருந்தன. எதிரே பிணைத் தேதியும் இருந்தது. ரேணுகா கண்ணை ஓட்டினாள். இம்தியாஸ், ஒன்பதாம் நாள்.

"ஒன்பதாம் நாளேவா சார்?" என்றாள்.

"எத்தனையோ வருஷமா ஏன், ஏன்னு கேட்டுட்டு இருக்கேன். எல்லாரும் உடனே ஒரு காரணம் சொன்னாங்க. மெஷின் இன்னும் வேகமாச் சொல்லும். இவங்க ஒருத்தர்தான் தெரியலைன்னாங்க. அதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?"

வரிசை கீழே போனது. முப்பதாம் நாள், நாற்பத்தொன்றாம் நாள், அறுபதாம் நாள். கடைசி வரியில் ரேணுகா, தொண்ணூறாம் நாள், நாலு ஐம்பது. வழித்துணை என்று தினமும் கூட இருந்தவள். அவளுக்குக் காது மடல் சுட்டது. ஜெபக்கனி, "பத்து நிமிசம் பாக்கி இருக்கே," என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு பட்டியலின் மேல் நுனிக்குப் போனவள் நின்றாள்.

"இருங்க. இம்தியாஸ் சார் முதல் ஆளு இல்ல. அவருக்கு மேல ஒருத்தர் வெளிய நிக்காரு. மாதவராஜ், சேலம். அணைந்த தேதி, எட்டு வருசத்துக்கு முன்ன. ஜூன் பதினாலு."

ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீடு கட்டப் போன மாதவராஜ் அண்ணன். எட்டு வருடம். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை, அவர் வெளியே நிற்பதே யாருக்கும் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்காக என்று தெரிந்துவிடும்.

"வரிசைன்னா வரிசைதான்," என்றாள் ஜெபக்கனி. குரல் தணிந்திருந்தது. "இவரு நம்பர் யார்ட்டயாவது இருக்கா?"

இம்தியாஸிடம் இருந்தது. நாலாவது மணியில் மாதவராஜ் எடுத்தார். நடந்ததையெல்லாம் இம்தியாஸ் சொல்ல, அந்தப் பக்கம் 'ம்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், "அப்ப நான் இப்ப என்ன செய்யணும்?" என்றார்.

"நீங்க உள்ள வரணும் சார்," என்றாள் ஜெபக்கனி. "உங்களுக்கு நான் ஜாமீன். போட்டாச்சு. ஒரு இருவது வரி இருக்கு, பார்த்து ஒத்துக்கிடணும்."

"ஒரு நிமிஷம் இருங்கம்மா. கண்ணாடி எடுத்துட்டு வந்திடறேன்."

அவர் படித்தார். ஒரு வரியில் இசக்கியம்மாள் யார் என்று கேட்டார். சொன்னதும் சரி என்றார். பன்னிரண்டு இருபதுக்குத் திருத்தம் கிளம்பிப் போனது. மதுரையில், வேலூரில், ஈரோட்டு மண்டப வாசலில், வண்டிகள் ஒன்றொன்றாக வாயடைத்தன. மனைவி பேசுவது இப்போது நன்றாகக் கேட்கிறது என்று வேலூர்க்காரர் எழுதினார். அது நல்ல செய்தியா என்று அவர் சொல்லவில்லை.

ஜெபக்கனி வரிசையாகப் பெயர் வாசித்து ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டாள். இம்தியாஸ், லோகேஸ்வரன், மற்றவர்கள். அவர்களுக்கு நாள்கணக்கில் தேவைப்பட்ட கையெழுத்தை அவள் ஆளுக்கு அரை நிமிடத்தில் போட்டாள். மிச்சம் ஒரு பெயர்தான்.

ரேணுகாவுக்கு அதற்கு முன்னால் பேச வேண்டியிருந்தது. "மாதவராஜ் அண்ணா," என்றாள். "அந்த குக்கர் விசில்... அது நான்தானுங்க. உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் இத்தனை வருசம்..."

"ரேணுகாம்மா, கொஞ்சம் இருங்க," என்றார் அவர் அவசரமாக. "அடுப்புல பருப்பு. இன்னும் ஒரு விசில் பாக்கி."

எல்லோரும் காத்திருந்தார்கள். ரேணுகா மூச்சுக்கூட விடவில்லை. சேலத்தில் ஒரு சமையலறையில் குக்கர் நீளமாக, தெளிவாகக் கூவியது. அதைக் கேட்டு அவர் எழுந்து போவதும், அடுப்பை அணைப்பதும் கேட்டன.

"மூணு," என்றார் திரும்பி வந்து. "நானும் காதுல கருவி போட்டு நாலு வருஷம் ஆச்சும்மா. நம்ம மென்பொருள்தான். நீங்க அப்பவே மறுவாரம் சரி பண்ணிட்டீங்கல்ல, எனக்கு ஒரு விசில் தப்பினதில்ல." பிறகு சற்றுத் தயங்கி, "டீச்சரம்மா, கடைசிப் பேருக்கு நான் பிணை போடலாங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாங்கண்ணா," என்றாள் ரேணுகா, அழுதுகொண்டே சிரித்து. "நான் மறுபடியும் எதையாச்சும் உடைப்பேனுங்க."

"உடைங்க," என்றார் அவர்.

தூத்துக்குடியில் ஜெபக்கனி விசிலை எடுத்து ஊதினாள். ரேணுகாவின் திரையில் சாவி எரிந்தது. அதற்குக் கீழே, பிணை நின்றவர் பெயர் எப்போதும் காலியாக விடப்படும் இடத்தில், மாதவராஜ் தானே தட்டி எழுதியிருந்தார்: மாதவராஜ், சேலம்.